விரிசல் எண் நான்கு

அட்டவணையில் வகுப்பு இரண்டு மணிக்கு.
மதியம் சாப்பிட்டுவிட்டு
சாக்பீஸ் டப்பாவோடு போனேன்.
அறுபத்துநான்கு காலி நாற்காலிகள்.
கரும்பலகையில் ஒரே வரி:
‘காத்திருந்தோம் டீச்சர், நாளையும் இரண்டுக்கே வருவோம்.’

கோஜாம் மேட்டில்
விடிந்து இரண்டு மணி நேரமானால் மணி இரண்டு.
அதை எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது
அந்த ஊரிலேயே என் கைக்கடிகாரம் மட்டும்தான்.

பல்கலைக்கழகம் என்னைவிடப் பதினொரு மாதம் மூத்தது.
பெயர்ப்பலகை வந்துவிட்டது, சாலை வரவில்லை.
நூலகத்துக்கு அலமாரி வந்துவிட்டது,
புத்தகங்கள் ஜிபூட்டி துறைமுகத்தில்.
மண் பரிசோதனைக் கருவி பெட்டிக்குள்ளேயே,
கையேடு சீன மொழியில்.
ஏழாம் கட்டடத்தைச் சுற்றி நின்ற தைலமரக் கம்புச் சாரத்தில்
ஒரு கம்பு துளிர்விட்டிருந்தது.

பதிவாளர் அறையில் அஸ்னாகெச் படிவம் நீட்டினாள்.
மூன்று கட்டம்:
உன் பெயர், தகப்பன் பெயர், அவருடைய தகப்பன் பெயர்.
குடும்பப் பெயர் எங்கே என்று
எத்தனை விமான நிலையங்களில் கேட்டிருக்கிறார்கள்.
இங்கே யாருக்குமே அது கிடையாது.
என் முன்னால் ஒற்றை எழுத்தாய் ஒடுங்கிக் கிடந்த ‘ரா.’
எழுந்து வந்து
இரண்டாம் கட்டத்தில் முழு ஆளாக உட்கார்ந்தார்.
மூன்றாம் கட்டத்துக்கு
வீட்டுக்குப் போன் போட வேண்டியிருந்தது.

திர் மாதம். மழை விட்டு நான்கு மாதம்.
ஏழாம் கட்டடத்தின் மேற்குச் சுவரில்
ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கியது விரிசல்.
அந்த மண்ணுக்கு அங்கே வால்க்கா என்று பெயர்.
நான் கரிசல் என்றேன்.
ஷிதாயே இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.
கருவி இல்லாத ஆய்வகத்துக்கு
சுவரே வந்து நின்றதில்
எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட, மறைப்பானேன்.
உயிரியல் துறையில் கண்ணாடிச் சில்லு கடன் வாங்கி
விரிசலின் குறுக்கே ஒட்டினோம்.
ஒரு செவ்வாய்க்கிழமை அது பட்டென்று உடைந்தது.
வகுப்பே கைதட்டியது.

அமைச்சர் வருகிறார் என்று
ராத்திரியோடு ராத்திரியாகப் பூசிவிட்டார்கள்.
வெளிர் பச்சை. நல்ல நிறம்தான்.
ஆனால் ஷிதாயே இருபுறமும் அடித்து வைத்திருந்த ஆணிகளை
யாரும் பிடுங்கவில்லை,
அவற்றின் மேலேயே அடித்துப் போயிருந்தார்கள்.
பச்சை ஆணிக்கும் பச்சை ஆணிக்கும் இடையில்
அவள் வாரம் தவறாமல் அளந்தாள்.

வருடக் கடைசியில் பாகுமே,
பதின்மூன்றாவது மாதம், ஐந்தே நாள்.
அதற்குச் சம்பளம் கிடையாது,
மழை மட்டும் உண்டு.
டீன் கெபியேஹு என்னைச் சுவரருகே அழைத்தார்.
நல்ல மனிதர்,
நான் காய்ச்சலில் கிடந்தபோது
ஆஸ்பத்திரிவரை தானே கார் ஓட்டியவர்.
விரல் நுனியால் பூச்சைத் தடவி,
‘பாருங்கள் தமயந்தி, மூடிக்கொண்டதே’ என்றார்.

மழையில் ஊதிய மண் சுவரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது,
திர் வரட்டும் என்றேன்.
‘திர் வரும். உங்கள் ஒப்பந்தம்?’
குத்தலாகக் கேட்கவில்லை,
நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.
காகிதம் அவர் மேஜையில்தான் இருந்தது.

இப்போது வேறொரு நாட்டில்
வேறொரு புதுப் பெயர்ப்பலகையின் கீழ் இருக்கிறேன்.
இங்கே மணல். பெரிதாக எதுவும் வெடிப்பதில்லை.
நேற்று இரவு போனில் ஒரு படம்:
பச்சைச் சுவர், இரண்டு ஆணி, குறுக்கே அளவுகோல்.
நாலு புள்ளி ஒன்று மில்லிமீட்டர்.
போன வருடம் இதே மாதம் மூன்று புள்ளி இரண்டு.
கீழே தேதி, அவளுடைய கணக்கில்,
என்னுடையதைவிட எட்டு வருடம் பின்னால்.

பழைய குறிப்பேட்டை எடுத்து
அந்த வரிசையில் அடுத்ததாக எழுதினேன்,
தேதியை மாற்றாமல்.