இரட்டைக் கடி

தடிக்காரன்கோணத்தில் காற்றைப் பாதி இறக்கிவிட்டுத்தான்
மாறாமலைக்கு ஜீப்பைத் திருப்புவேன்.
உப்பிய டயர் கல்லில் துள்ளும்.
இளகிய டயர் கல்லைக் கவ்வும்.
இளகலுக்கும் அளவுண்டு.
அன்றைக்குத் தப்பிவிட்டது.

மூன்றாம் வளைவு.
பின்சக்கரம் ஒரு பாறை விளிம்பில் இறங்கி
ணங்கென்றது.
கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் என் ட்யூப்,
கதவிடுக்கில் விரல்போல.

வண்டியில் ஆறு மூட்டை அரிசி,
கொஞ்சம் கருவாடு,
பால்வெட்டுக்கார ஏசுவடியாள்,
அவள் மடியில் கூவத் தெரியாத ஒரு சேவல்.
முன்சீட்டில் சூப்பர்வைசர் ஞானசிகாமணி.
ஸ்டெப்னி கீரிப்பாறையில்,
நேற்றைய பஞ்சரோடு.

“இப்போ எல்லாரும் ட்யூப்லெஸ்ஸாக்கும்” என்றார்,
இறங்காமலே.
துருவேறி நெளிந்த ரிம்மு காற்றைப் பிடிக்காது அண்ணாச்சி,
இவ்வளவு குறைந்த காற்றில்
டயர் விளிம்பு கழன்று வந்துவிடும் அண்ணாச்சி,
இதெல்லாம் சொல்லியிருக்கலாம்.
ஜாக்கி சேற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
அதன் அடியில் வைக்க ஒரு கல் தேடினேன்.
கல்லுக்கா பஞ்சம்!

லிவர் இரண்டும் போட்டு நெம்பி
ட்யூபை உருவி
கன்னத்தோடு வைத்துச் சுற்றினேன்.
எங்கோ மூச்சு படுகிறது.
எங்கே என்று தெரியவில்லை.
தண்ணீரில் முக்கவேண்டும்.
ஓடை கீழே, அரைமணி நடை.

ஏசுவடியாள் சேவலை அவர் மடியில் வைத்துவிட்டு
ரப்பர்த் தோட்டத்துக்குள் ஏறினாள்.
மழைக்கு வெட்டு நின்று நாலு நாள்.
மரத்துக்கொரு சிரட்டை,
சிரட்டைக்கொரு வாய் மழை.
எடுத்து எடுத்து வந்து ஊற்றினாள்,
ட்யூப் மேல், என் கைமேல்,
அட்டை கடித்த தன் கால்மேலும் கொஞ்சம்.
பதினோராவது சிரட்டையில் குமிழி.

உரசினேன். பசை தடவி ஊதிக் காயவைத்தேன்.
ஒட்டுத் துண்டில் கம்பெனிப் பெயர் இருந்தது,
எந்த மரத்துப் பால் என்று இல்லை.
டயருக்குள் தூவ அவள் இடுப்புப் பையிலிருந்து
முகப்பவுடர்.
மாட்டி, கைப்பம்பில் இருநூறு அடி.
நெஞ்சு நிமிர்த்தி நின்றேன்.

டயர் என் முன்னாலேயே
மெதுவாக உட்கார்ந்தது.

“ரிம்மு கடிச்சா பாம்புக் கடியாக்கும்,
பல்லு ரெண்டு.
ஒண்ணக் கண்டதும் தேடுத நிறுத்திட்டியளே.”

இரண்டு விரல் தள்ளி இருந்தது மற்றது.
மறுபடி லிவர். மறுபடி மழை.
இம்முறை அவர் இறங்கினார்,
வேட்டியை மடித்துக் கட்டிச் சிரட்டை எடுத்தார்.
முதல் சிரட்டையில் பாதி வழியிலேயே சிந்தியது.
யாரும் சிரிக்கவில்லை, சேவல்
என்னவோ முயன்று பார்த்தது.

கிளம்பும்போது இருட்டிவிட்டது.
“பாவம், உனக்கு எத்தனை நடை” என்றேன்.
“எப்படியும் நாளைக்கு வெட்டணுமின்னா
இதையெல்லாம் கவுக்கத்தான வேணும்”
என்று ஏறி உட்கார்ந்தாள்.

ஹெட்லைட்டில் ஒரு நொடி தெரிந்தன
முப்பது மரங்கள்,
காலிச் சிரட்டையோடு.
சக்கரம் சூடானபின்
வழி முழுக்கப் பவுடர் மணம்.