பென்சில் மட்டும்

இந்த அறைக்குள் பேனா கூடாது.
தண்ணீர்ப் போத்தல் கூடாது, ஈரக்குடை கூடாது.
அதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
டண்டீயில் வியாழன் என்றால் பெரும்பாலும் மழை,
ஆகவே முதலில் குடைகளை வாங்கிவைப்பேன்.

ஐந்தாம் அறையில் ஏழு மடக்கு நாற்காலிகள்.
வகுப்பு நடத்தும் ஷோனா
தகர டப்பாவைத் திறந்து பென்சில்களை நீட்டுகிறாள்,
பிறந்தநாள் மிட்டாய் போல.
"முகத்தைப் பாருங்கள்.
அது உங்களிடம் ஏதோ கேட்கிறது. எழுதுங்கள்.
இருபது நிமிடம்."

முகம் என்றால் திருமதி யூஃபீமியா ஸ்ட்ராகன்.
எண்ணெய் வண்ணம், ஆளுயரம், பொன்முலாம் பூசிய சட்டம்.
மாவு ஆலைக்காரரின் மனைவி.
கருநீல வெல்வெட், மடியில் மூடிய விசிறி.
பதினோரு வருடமாக எனக்கு நேரெதிரே.
என் முழங்கால் வலி அவளுக்குத் தெரியும்.
இடது கண்ணில் ஓவியன் வைக்க மறந்த
வெள்ளைப் புள்ளி எனக்குத் தெரியும்.

நான் வகுப்பில் இல்லை, சுவரோரம் நிற்பவன்.
ஆனாலும் காது சீருடை போட்டுக்கொள்வதில்லை.

முதலில் வாசித்தவன் போஹ்டான்,
மீன் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வந்தவன்.
அந்த வெல்வெட்டின் விலை
எத்தனை மாத வாடகை என்று ஒரு கணக்கு.
பாதியில் நின்றது.
தூங்கிவிட்டேன் என்றான்.
செனாயித் வாசிக்க மறுத்தாள்.
தாளை நான்காக மடித்து, எட்டாக மடித்து,
காலணிக்குள் வைத்துக்கொண்டாள்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
அதற்காகவே எனக்கு இந்த வகுப்பைப் பிடிக்கும்.

பிறகு இஷ்பெல் கெடிஸ்.
ஊன்றுகோலை நாற்காலி முதுகில் மாட்டினாள்.
"கவிதை வரவில்லை," என்றாள்.
"அம்மணி சார்பில் ஒரு படிவம் நிரப்பினேன்."

உதவியின்றி எழுந்து நிற்க முடியுமா?
முயன்றதில்லை.
கையைத் தலைக்குமேல் உயர்த்த முடியுமா?
விசிறியைக்கூடத் திறக்க முடியவில்லை, ஐயா.
ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்?
நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகள்.
கடைசியாக எப்போது வெளியே சென்றீர்கள்?
போரின்போது. பெட்டியில் அடைத்து நிலவறைக்கு.
பார்க்க யாராவது வருகிறார்களா?
வருகிறார்கள். ஆளுக்கு ஒன்பது வினாடி.

முடிவு:
விண்ணப்பதாரர் நிமிர்ந்து அமர்ந்திருந்தார்.
கண்ணுக்கு நேராகப் பார்த்தார்.
சுத்தமாக உடுத்தியிருந்தார்.
வேலை செய்யத் தகுதியுள்ளவர். புள்ளிகள்: பூஜ்ஜியம்.

போஹ்டான் தொடையில் தட்டிச் சிரித்தான்.
ஷோனாவும் தொடங்கினாள்.
இஷ்பெல் தாளைத் திருப்பிக் காட்டினாள்.
மறுபக்கம் அச்செழுத்து, அரசு முத்திரை, அவள் பெயர்.
"முடிவு மட்டும் என்னுடையதில்லை," என்றாள்,
"பார்த்து எழுதியது."

கண்ணாடிக் கூரையில் மழை தன்பாட்டுக்குப் பெய்தது.
செனாயித் குனிந்து
காலணியிலிருந்து தாளை எடுத்தாள்.
பிரித்தாள், எட்டு, நான்கு, இரண்டு.
பிறகு மறுபடி மடித்துவிட்டாள்.

குடையை வாங்கும்போது இஷ்பெல் என்னிடம் கேட்டாள்:
"செவ்வாய்க்கிழமை எனக்கு மேல்முறையீடு.
இவளைச் சாட்சிக்கு அழைத்துப் போகட்டுமா?"
சட்டம் இடம் கொடுக்காதே என்றேன்.
"எந்தச் சட்டம்?" என்றாள்,
பேருந்துக்கு நேரமாகிவிட்டதால்
பதிலுக்கு நிற்கவில்லை.

ஆறு மணிக்கு ஏட்டில் ஒரு வரி எழுத வேண்டும்.
ஐந்தாம் அறை: சேதம் எதுவுமில்லை.
பதினோரு வருடமாக அதே வரி.
பென்சில் சீவல்களைக் கூட்டி அள்ளினேன்.
ஆறு நாற்காலிகளை மடக்கினேன்.
பணியாளர் அமரக் கூடாது என்பது விதி.
ஏழாவதில் உட்கார்ந்தேன்.

ஒன்பது வினாடிக்குமேல் ஆனது.
அவள் அசையவில்லை.
நான்தான் முதலில் கண்ணை எடுத்தேன்.