அறை எண் 14, சால்மியா

பெயர் வேண்டாம், கேள்வி மட்டும் போதும் என்றோம்.
காலி லபான் அட்டைப்பெட்டி
பத்து நிமிடத்தில் நிரம்பிவிட்டது.

'பாஸ்வேர்ட் கேக்கிறது அன்புதானே மிஸ்?'
'தூங்கும்போதும் லொகேஷன் ஓடணுமாம்.'
'படத்தை அழிச்சிட்டேன்னு சொல்றான். எப்படி நம்புறது?'
ஒரு சீட்டில் எழுத்தே இல்லை,
எழுதி எழுதி அழித்ததில்
தாள் ஓட்டையாகியிருந்தது.

மிரட்டல் வந்தால் அழித்துவிடாதீர்கள்,
தேதியோடு சேமியுங்கள் என்று
திரையில் காட்டிக்கொண்டிருந்தாள் ஃபர்ஸானா.
கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்:
'கேக்கிறவனும் பயந்துபோய்த்தான் கேக்கிறான்னா?'
உட்கார், அதையும் பேசுவோம் என்றேன்.
மணி அடித்துவிட்டது.

பஸ்கள் உறுமத் தொடங்கியும்
ஜெபிஷா மட்டும் போகவில்லை.
'அப்பாவுக்குத் தெரிஞ்சா
படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிடுவார்.'
அனுப்பமாட்டார் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

மேசைமேல் அவள் ஃபோன்
கவிழ்ந்த வண்டுபோல் அதிர்ந்து அதிர்ந்து
விளிம்புக்கு நகர்ந்தது.
பத்தொன்பதாவது அழைப்பு.
கை நீட்டினாள்.
விழாமல் உள்ளே தள்ளி வைத்தாள், அவ்வளவுதான்.
அது அடித்து ஓய்ந்தது.

அந்த ஓட்டைச் சீட்டு
இன்னும் என் பையில் இருக்கிறது.
அவளுடையதில்லையாம்.