பெயர்ச்சீட்டு நனைந்த இரவு

குளிர்பெட்டி கசிந்ததில்
பதினாறு புழுக்கைக் குப்பிகளின் பெயர்ச்சீட்டும்
ஊறி உரிந்து கிடந்தன.
காலை எட்டுக்கு டாக்டர் ஹால்வர்சன் வந்துவிடுவார்.
ஃபிளாக்ஸ்டாஃபில் அன்று பனி.
ஜன்னலுக்கு வெளியே ஊரே இல்லை.

எங்களிடம் இரண்டு ஜாதிக் காட்டெலிகள்.
ஒன்று, ஜூனிபரைத் தவிர
வேறெதையும் இலையென்றே மதிக்காதது.
மற்றது வெண்தொண்டை:
கள்ளி, புல், அகப்பட்டது எல்லாம்,
ஊடே கொஞ்சம் ஜூனிபரும்.
இரண்டுக்கும் ஒரே இலைப்பொடிதான் வைத்தேன்.
நானே அரைத்தது.
மூன்று நாளாய் விரலிடுக்கில் அந்தப் பிசின்.

வெண்தொண்டை இளகிய மனசுக்காரி.
வந்த வாசனையையெல்லாம் உள்ளே விட்டுவிட்டு
ஈரல் அடுப்படியில் இரவெல்லாம் நிற்பாள்.
நஞ்சு ஒவ்வொன்றின் கையிலும்
தன் கையிருப்புச் சர்க்கரையில் ஒரு கிள்ளு கட்டிக்கொடுத்து
நீர்வழியே அனுப்பிவைப்பாள்.
மூத்திரம் புளிக்கும். எடை குறையும்.
தராசில் ஏற்றும்போது
என் கட்டைவிரலைக் கடிக்கக்கூடத் தெம்பிருக்காது.

மற்றவள் பாதிக்குக் கதவே திறப்பதில்லை.
குடலோரமாகவே நடத்திக்கொண்டுபோய்க்
கொல்லைப்பக்கம் விட்டுவிடுகிறாள்,
வந்த மணம் வந்தபடியே.

ஆக, புழுக்கைக்குத் தெரியும் யார் யாரென்று.
முகக்கவசத்தை இறக்கினேன்.
காடு மணந்தவை இடப்பக்கம்.
வெறும் எலி மணந்தவை வலப்பக்கம்.
எட்டும் எட்டும் வரவேண்டும்;
ஒன்பதும் ஏழும் வந்தது.
மறுபடி முதலிலிருந்து.
ஒன்பதாவது குப்பியை மட்டும்
மூன்று தரம் திறந்தேன்.

ஏழு மணிக்கு
தேவாலயத்து நிலவறையில் கூட்டம்.
குடியை விட்டு நானூற்றுப் பதினொரு நாள்.
உடுப்பு மாற்ற நேரமில்லை.
பக்கத்தில் இருந்த வெல்டா
என் சட்டைக்கைப் பக்கம் ஒருமுறை மூச்சை இழுத்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டாள்.

ஜின் மணக்கும்தான்.
ஜின்னுக்கு மணமே ஜூனிபர்க் காயில் இருந்துதான்.
எலிப் புழுக்கை என்று சொன்னால்
இந்த அறையில் யார் நம்புவது?
இதைவிட நல்ல பொய்யெல்லாம்
நானே இங்கே சொல்லியிருக்கிறேன்.

என் முறை வந்தது. எழுந்தேன்.
"என் பெயர் ஒர்லீன்."
வணக்கம் ஒர்லீன், என்றார்கள்.
காப்பிக் கலயம் ஒரு மூலையில் கொதித்தது.
எலிகளைப் பற்றித்தான் ஆரம்பிக்க நினைத்தேன்,
சர்க்கரை, கதவு, கொல்லைப்பக்கம் எல்லாம்.
வாயில் வந்ததோ:

"ஒன்பதாவது காடுதான் என்று
முதல் தரத்திலேயே தெரிந்துவிட்டது."