நீல டேப்புக்குக் கீழே

மூன்றாம் நாளும் மின்சாரம் வரவில்லை.
புயல் நார்த்தம்பர்லாந்தின் பாதிக் கூரைகளைக்
கழற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தது.
எங்கள் குளிர்பெட்டி சமையலறைத் தரையில்
மெல்லக் கசியத் தொடங்கியது.

முதலில் பட்டாணி இளகியது.
பிறகு நாத்தனார் கொடுத்த பாதி வான்கோழி.
அடித்தட்டில், நீல டேப்புக்குக் கீழே,
செய்தித்தாளில் பத்துப் பத்தாகச் சுருட்டிய
நானூறு கருமணற்புழுக்கள்.

அந்த டேப் எங்கள் எல்லைக்கோடு.
மேலே ஐஸ்கிரீம், கீழே அவை.
பதினோரு வருடத்தில் நெவில் அதை
ஏழு முறை மீறியிருக்கிறான்.
எண்ணி வைத்திருக்கிறேன்.

பெரிய வற்றத்தன்று கடல் அரை மைல் பின்வாங்கும்.
மணலுக்கு மேல் சுருள் சுருளாய்க் கிடக்கும் எச்சம்
கீழே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.
முதலில் மண்வெட்டி, பிறகு கை, பிறகு முழங்கை வரை.
வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும்.
அதுவாகப் பிடி தளர்த்தும்வரை
மண்டியிட்டுக் காத்திருப்பான்
(இந்தப் பொறுமையை வீட்டுக்குள் நான் கண்டதில்லை).
தலையைக் கிள்ளிப் பிதுக்கினால்
குடலும் மணலும் வெளியே வந்துவிடும்.
மிஞ்சுவது ஒரு கறுப்புத் தோலுறை.
விரலில் ஏறும் மஞ்சள் எந்தச் சோப்புக்கும் போகாது.
அந்த மஞ்சளோடுதான்
கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்திட்டான்.
அதிகாரி புகையிலை என்று நினைத்து
அறிவுரை சொன்னார்.

அவன் மின்வாரியக் கம்பமேறி.
மேற்கே மலையோரத்தில்
யார் யார் வீட்டுக்கோ
விளக்கு கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.
தொலைபேசியில் ஒரே ஒரு கோடு உயிர்த்தபோது
குளிருகிறதா என்று கேட்டான்.
புழு உருகுகிறது என்றேன்.
காற்றின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.
பிறகு, "விட்டுடு. தூக்கிப் போட்டுடு."

அவன் பிடித்துக் கத்தியிருந்தால்
போட்டிருப்பேன்.

பனாயி தன் மீன் வறுவல் கடையை
மெழுகுவத்தி வைத்துத் திறந்திருந்தார்.
பத்துக் கிலோ உப்பு மூட்டையைத் தள்ளிக்கொண்டே
"எந்த மீனுக்கு?" என்றார்.
"மீனுக்கில்லை. மீன் தின்னுறதுக்கு."
அதற்கு மேல் கேட்கவில்லை,
காசும் வாங்கவில்லை.

ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு புழு.
உப்பு அவற்றிலிருந்து கடலை உறிஞ்சுகிறது.
அரை மணியில் பழுப்பாய் ஒரு குட்டை.
வடித்துவிட்டு மறுபடி உப்பு.
மூன்றாம் முறை அவை சுருங்கி,
செருப்பு வார் போல இறுகி,
நாற்றத்தைக்கூடக் குறைத்துக்கொண்டன.

ஆறாவது பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான்
ஓரத்தில் பென்சில் எழுத்தைப் பார்த்தேன்.
*செப். 14. கிழக்குக் காற்று. தண்ணீர் கலங்கல். லோ. கோபம்.*
அடுத்தது:
*செப். 29. காற்று இல்லை. லோ. கோபம்.*
அடுத்தது:
*அக். 13. தென்மேற்கு. நல்ல வற்றம். லோ. பாடினாள், குளியலறையில்.*

நான் பாடினேனா?
அந்தத் தாளில் தொலைந்த நாயின் படம் இருந்தது,
ஒரு விவாகரத்து வழக்கறிஞரின் விளம்பரம்,
மறுநாள் மிதமான காற்று என்ற வாக்குறுதி.
நான் பாடியதற்குச் சாட்சியாய்
எட்டுப் புழுக்கள்.
பத்துக்கு இரண்டு குறைந்தன.
அந்த இரண்டையும் எந்த மீன் தின்றதோ.

எல்லாத் தாள்களையும் வெந்நீர்க் குழாய்மேல் காயப்போட்டேன்,
குழாயில் சூடில்லை என்பதை மறந்து.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு
குளிர்பெட்டி ஒரு முறை சிலிர்த்து
உறுமத் தொடங்கியது. விளக்குகள் குதித்தன.
மேற்கே எந்தக் கம்பத்தின் உச்சியிலோ
யாரோ ஒரு முறுக்கு முறுக்கியிருக்கிறார்கள்.
இன்னும் நூற்றைம்பது பாக்கி,
அவை மறுபடி உறையட்டும் என்று விட்டிருக்கலாம்.
கை நின்றபாடில்லை.

கடைசி ஜாடியை மூடி,
அவனுடைய பென்சிலைத் தேடி எடுத்து எழுதினேன்:
*டிச. 2. காற்று ஓய்ந்தது. உப்பு பனாயியுடையது.
நெ. இன்னும் வரவில்லை.*

ஜாடியை டேப்புக்கு மேலே வைத்தேன்,
ஐஸ்கிரீம் இருந்த இடத்தில்.
எட்டாவது முறை என்று
இதை யார் கணக்கில் எழுதுவது?
விரல்களை மூன்று முறை கழுவிப் பார்த்தேன்.