சம்பளமில்லா லீவு

எந்த நாடு என்று கேட்கிறார்கள்.
ஒரு நாடில்லை என்றால்
எந்த ஏஜென்சி என்கிறார்கள்.
வீட்டை வித்தாச்சோ என்று
மதிலுக்கு மேலால் தலை நீட்டினா பவளராணி அக்கா.
இல்லையக்கா, சும்மா சுத்திப் பாக்கப் போறம்,
வாற வருசம் தைப்பொங்கலுக்கு நிற்பம் என்றேன்.
அவ என் வயிற்றைப் பார்த்தா.
பிறகு கூரையைப் பார்த்தா.

கூரையில்தான் இருந்தது காசு.
மேல்வீடு கட்டவென்று
பிளாட்டுக்கு மேலே நீட்டி விட்ட எட்டுக் கம்பிகள்,
துருப்பிடியாமல் இருக்க
தலையில் சோடாப் போத்தல் கவிழ்த்தபடி
ஒன்பது வருசமாய் நிற்கின்றன.
உடுப்புக் காயப்போடப் போன குகநேசன்
ஒருநாள் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:
"இன்னும் மூண்டு அறை ஆருக்கப்பா?"

கந்தோரில் லீவுப் படிவம் நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டம் விரலளவு.
பயணம் என்று எழுதினேன்.
பெரியவர் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு
குரலைத் தாழ்த்திக் கேட்டார்,
"கப்பலோ, பிளேனோ?"

வரைபடத்தில் எங்கள் விருப்பம் அவ்வளவு செல்லவில்லை.
இந்தப் பாஸ்போர்ட்டுக்கு ஆர் கதவு திறப்பினமோ
அந்த ஊர்களுக்கெல்லாம் பென்சில் வட்டம்.
இரண்டு தூதரகம் இல்லையென்றது.
திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம் போதாதாம்.
கம்பிகளைப் படம் பிடித்து
இணைத்திருக்கலாம்.

நேற்றிரவு பை கட்டினோம்.
ஆளுக்கு ஏழு கிலோ.
என் பை மட்டும் எட்டரை காட்டியது.
கட்டிலில் கொட்டிப் பார்த்தால்
உடுப்புகளுக்கு அடியில், பொலித்தீனில் சுற்றியபடி
வீட்டு உறுதி,
இரண்டு பேரின் பிறப்புப் பத்திரம்,
ஒரு போத்தல் சீனி,
நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி நாலு.
வைத்ததாக எனக்கு நினைவில்லை.
கைதான் வைத்திருக்க வேண்டும்.
தொண்ணூற்றைந்தில் எனக்கு ஒன்பது வயது.
அம்மா பை கட்டியதைப்
பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

குகநேசன் சிரிப்பான் என்று நினைத்தேன்.
அவன் தன் பையின் பக்கத்துச் சிப்பைத் திறந்து
இன்னுமொரு மெழுகுதிரிப் பெட்டியை எடுத்து
மேசையில் வைத்தான்.
கனநேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.
பிறகு உறுதியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.
சீனியைப் பவளராணி அக்காவிடம் குடுத்தேன்.
மெழுகுதிரியில் ஒன்றை மட்டும்
காலுறைக்குள் செருகினேன்.
ஏனென்று அவன் கேட்கவில்லை.

காலைக் கோச்சி.
எங்கள் பெட்டி முழுக்க ஒரு கலியாணக் கூட்டம்,
மேலே தட்டில் பலகாரப் பெட்டிகள்,
மாப்பிள்ளையின் தம்பி
எங்கள் முதுகுப் பைகளைப் பார்த்துவிட்டு
இங்கிலிசில் வழிவிட்டான்.

நாவற்குழிப் பாலம் வந்தது.
மழைக்குள் ஓர் இரவு முழுக்க
நின்று, அரைந்து, நின்று
அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி கடந்த பாலம்.
கோச்சிக்கு எவ்வளவு நேரம் செல்லும் என்று
மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.
பதினொன்றில்
குகநேசன் என் தோளில் தட்டினான்.
"பின்கதவு பூட்டினனீரோ?"
எண்ணிக்கை விட்டுப்போனது.

போன் எடுத்தோம்.
பவளராணி அக்கா செருப்பில்லாமல் வளவைச் சுற்றி ஓடுவது
இலைச் சருகில் கேட்டது.
"பூட்டித்தான் கிடக்கு.
ஆனா மேல கம்பியொண்டில போத்தலைக் காணேல்லை,
காத்துக்கு விழுந்திருக்கும்.
பெடியனை ஏத்திப் போட்டுவிடவோ?"

குகநேசன் யன்னலுக்கு வெளியே பார்த்தான்.
"வேண்டாமக்கா, கிடக்கட்டும்" என்றேன்.
கோச்சி சாவகச்சேரிக்கு வேகம் குறைத்தது.
வடைக்காரன் ஏறினான்.
நாலு வடை வாங்கி, காசு குடுத்து,
மிச்சக் காசையும் எண்ணிய பிறகு
திரும்ப எடுத்தேன்.
"அக்கா, போட்டுவிடச் சொல்லுங்கோ."