இரும்பு குடிக்காத செடி

ஒஸ்த்ராவாவில் சனிக்கிழமை மழை.
ஜாம் பாட்டிலில் மீன்தொட்டித் தண்ணீரும்
டிராம் சீட்டில் மடித்த ஓர் இலையுமாக
என் கடைக்குள் வந்தாள் யர்மிலா.
"என்ன நோய், சொல்."

விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
நரம்பு மட்டும் பச்சை.
இடையெல்லாம் வெளிறிய மஞ்சள்.
கிழட்டு இலையா, குருத்தா என்றேன்.
குருத்து.
கிழட்டு இலையில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியம்,
மொத்தமாய்ப் பழுத்தால் நைட்ரஜன்.
குருத்தே சோகை பிடித்துப் பிறந்தால்
தண்ணீரில் இரும்பு இல்லை.

சிரித்தாள்.
கண்ணாடிக்குள் நியான் மீன்கள் சிதறி ஓடின.
முப்பத்தொரு வருஷம்
உருக்காலைக் கூரையடியில் கிரேன் ஓட்டியவள்.
நாற்பது டன் தீக்குழம்பு
அவள் மணிக்கட்டு அசைவுக்குக் காத்திருந்து நகரும்.
சன்னலில் படிகிற தூசுகூடக்
காந்தத்தைக் கண்டால் எழுந்து நிற்கும் ஊர்.
"இங்கேயா இரும்புக்குப் பஞ்சம்?"
மருந்து வாங்காமல் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து
செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை
மேசைமேல் ணங்கென்று வைத்தாள்.
வேலையின் கடைசி நாளில்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்த போல்ட்.
கட்டைவிரல் தடிமன்.
வாள்செடியின் வேரடியில் புதைத்திருக்கிறாள்.
"தின்னவில்லை."

செடி மெல்லாது, யர்மிலா, குடிக்கும்.
துரு என்பது காற்றோடு குடித்தனம் போன இரும்பு.
வேர் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது.
அலமாரியிலிருந்து பழுப்பு பாட்டிலை எடுத்தேன்:
இதில் ஒவ்வோர் இரும்பையும்
நண்டு கொடுக்கால் கவ்வினாற்போல்
ஒன்று பிடித்து வைத்திருக்கிறது.
துருப்பிடிக்க விடாது,
இலை கேட்டால் கொடுத்துவிடும்.

"கொக்கி" என்றாள்.
ஆமாம், கொக்கி.

நாலு துளி.
ஒருநாள் விட்டு ஒருநாள்,
விளக்கு எரியுமுன்.
பாஸ்பேட் ஊற்றுகிற நாளில் வேண்டாம்,
இரண்டும் கட்டிப்பிடித்து அடியில் வண்டலாகிவிடும்.
ஞாயிறு பாதித் தண்ணீர் மாற்று.
கைதவறிக் கூடினால் பாசிக்குத்தான் விருந்து.

கைதவறி என்ற சொல்லுக்கு
அவள் என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுத முடியாது.

நான்காம் நாள் தொலைபேசி.
இன்னும் மஞ்சள்தான்.
அந்த இலை அப்படியேதான் இருக்கும்,
இனி வரப்போகும் இலையைப் பார் என்றேன்.
மறுமுனையில் வடிகட்டியின் குமிழிச் சத்தம்,
நெடுநேரம்.
பிறகு வேறு குரலில்:
"எனக்கும் அதே குறை. ரத்தத்தில்.
மார்ச்சில் கொடுத்த மாத்திரை
இழுப்பறையில் பிரிக்காமல் கிடக்கிறது.
என்னிடம் போய் இரும்பு இல்லை என்கிறார் டாக்டர்."

நான் மீன் விற்பவன்.
குழாய், மணல், வெப்பமானி
இவைதான் எனக்குத் தெரியும்.
எனவே,
"விளக்கு எரியுமுன்" என்றேன் மறுபடியும்.
"ம்" என்று வைத்துவிட்டாள்.

நவம்பரில் வந்தபோது இலை கொண்டுவரவில்லை.
"பறிக்க மனசு வரலை."
காற்றில் இரண்டு விரலை அகட்டி நீளம் காட்டினாள்.
செம்பு நிறமாம்,
விளக்கு பட்டால் உள்ளே நெருப்பு தெரிகிறதாம்.
அடுத்த பாட்டிலுக்குச் சில்லறை தேடிக்
கைப்பையைக் கவிழ்த்ததில்
பழைய ஷிப்ட் குறிப்பேடு விரிந்துகொண்டது.
செவ்வாய்: துளி 4. மாத்திரை 1.
வியாழன்: துளி 4. மாத்திரை 1.
சனி: துளி 4. மாத்திரை, மறந்தேன்.
படிக்காத மாதிரி
மீதிக் கொருனாக்களை எண்ணித் தந்தேன்.

அந்த போல்ட்டை அவள் திருப்பிக் கேட்கவில்லை.
கதவு திறக்கும்போதெல்லாம் பறக்கிற ரசீதுகளை
அதுதான் அழுத்திப் பிடிக்கிறது.
வரி அலுவலகத்துக்குப் போகும் தாள் ஒவ்வொன்றிலும்
ஒரு பழுப்பு வளையம்.